அத்தை வீட்டுப் புகைபோக்கி: ஒரு சின்ன வீட்டுக்கு டக்ட் பிளான் பண்ண கதை

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல, ஆஃபீஸ் புலம்பலும் இல்ல. ஒரு பைப்பைப் பத்தி முழு எபிசோடு. போர் அடிக்கும்னு நினைச்சு தள்ளி விட்டுடாதீங்க. நான் இன்ஜினியரிங் முடிச்சு ஏழு வருஷம் ஆச்சு. காலேஜ்ல படிச்ச ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ முதல் தடவையா நிஜமா பயன்படுத்தினது இந்தப் பைப்புக்காகத்தான். அதையும் ரெண்டு தடவை தப்பாப் பயன்படுத்தினேன்.

காலைல நாலு மணி அடுப்பு

எங்க அத்தை வீடு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, கடைசி ஸ்டேஷன்ல இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிக்கணும். முன்னாடி ரெண்டு ரூம். பின்னாடி சுவரோட ஒட்டி இறக்கின சமையல் கொட்டகை, பத்தடிக்கு எட்டடி, மேல சிமென்ட் ஷீட். ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். அவ்வளவுதான்.

அத்தை அங்க மெஸ் மாதிரி நடத்தறாங்க. போர்டு எல்லாம் கிடையாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போறவங்க ஒரு நாற்பது பேருக்குக் காலைல இட்லி, சாம்பார். மதியம் சாதம், குழம்பு. பாதிப் பேர் பீகார், ஒடிசால இருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கி இருக்கற பசங்க. காலைல நாலு மணிக்கு அடுப்பு பத்த வெச்சாத்தான் ஆறு மணி ஷிஃப்டுக்கு சாப்பாடு போய்ச் சேரும்.

எல்லாம் விறகு அடுப்பு. சவுக்கு, வேலிக்காத்தான், சில நாள் கம்பெனிங்கள்ல கழிச்சுப் போடற பேக்கிங் கட்டை.

போன வருஷம் அத்தைக்கு இருமல் நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" அத்தை சிரிச்சுட்டாங்க. ரெண்டாவது கேள்வி, "விறகு அடுப்பா?" அதுக்கு சிரிக்கல. ஒரு மெஷின்ல ஊதச் சொன்னாங்க, ஸ்பைரோமெட்ரின்னு பேரு. நுரையீரல் எவ்வளவு வேகமா காத்த வெளிய தள்ளுதுன்னு அளக்கும். வயசுக்கு இருக்க வேண்டியதை விடக் கம்மி. போன கொள்ளளவு திரும்ப வராது, இனிமே போகாமப் பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னார்.

வெளிய வந்ததும் நான் உடனே, "அத்தை, இன்னிக்கே கேஸுக்கு மாறிடலாம். காசு நான் தரேன்." வீராவேசமா சொல்லிட்டேன். அவங்க என்ன திட்டல. ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாங்க. வீட்டுல 14.2 கிலோ சிலிண்டர் இருக்கு, டீக்கும் ராத்திரி சமையலுக்கும் அதுதான். ஆனா வியாபாரத்துக்கு அந்த சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ கமர்ஷியல் வாங்கணும். நாற்பது பேர் சமையலுக்கு அது எத்தனை நாள் வரும், ஒரு சாப்பாட்டு விலை எவ்வளவு ஏத்தணும், ஏத்தினா எத்தனை பேர் நின்னுடுவாங்க, எல்லாம் அதுல எழுதி இருந்துது. "நீ மாசாமாசம் குடுப்பியா? கல்யாணம் ஆனப்புறம்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சரி, விறகு இருக்கட்டும், புகைய வெளிய அனுப்புவோம். அங்கதான் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சுது.

வெர்ஷன் ஒன்: ஃபேன்

நான் பண்ண முதல் காரியம் நீங்க எல்லாரும் பண்றதுதான். ஆன்லைன்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஆர்டர் போட்டேன். கூடவே காத்துல இருக்கற நுண்துகள அளக்கற ஒரு சின்ன மீட்டர்.

முதல்ல மீட்டர். பிஎம் 2.5ங்கற நுண்துகள் ஒரு நாள் சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுங்கறது இந்தியாவோட அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு இன்னும் கண்டிப்பு, 15. அத்தை உக்கார்ற இடத்துல, அவங்க முகத்து உயரத்துல மீட்டரை வெச்சேன். அடுப்பு பத்த வெச்ச கொஞ்ச நேரத்துல 999ல போய் நின்னுடுச்சு. அதுக்கு மேல அதுக்குக் காட்டத் தெரியாது.

ஃபேன் மாட்டினோம். முதல் நாள் நல்லா இருந்துது. ரெண்டாவது நாள் கொசுவுக்காக அத்தை கதவையும் ஜன்னலையும் சாத்திட்டாங்க. ஃபேன் ஓடுது, புகை மட்டும் அப்படியே நிக்குது. மூணே வாரத்துல ஃபேன் இறக்கை மேல எண்ணெயும் கரியும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்குப் படிஞ்சு, ஒரு விடியக்காலைல கரண்ட் இருந்தும் சுத்தல.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, அதை அப்புறம்தான் படிச்சேன். மூடின ரூம்ல பலமான ஃபேன் ஓடினா உள்ள காத்தழுத்தம் குறையும். அங்க புகைபோக்கியும் இருந்தா, வெளிக் காத்து அந்தப் புகைபோக்கி வழியாவே கீழ இறங்கி வரும். புகையும், கூடவே கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத கார்பன் மோனாக்சைடும் ரூமுக்குள்ளயே திரும்பும். அது ஆளைக் கொல்லும்.

வெர்ஷன் டூ: என் அழகான டிசைன்

அடுத்து சீரியஸா உக்காந்து படிச்சேன். தேடினா வர்றது எல்லாம் குளிர் நாட்டு வழிகாட்டி. கனடா, அமெரிக்கா மாதிரி ஊர்ல வீட்டுக்கு அடியில விறகு எரியற ஃபர்னஸ் வெச்சு, அதுல சூடாகற காத்த டக்ட் வழியா ஒவ்வொரு ரூமுக்கும் அனுப்பறாங்க. புகைக்குத் தனிக் குழாய். சூடான காத்து போக ஒரு டக்ட், ஆறின காத்து ஃபர்னஸுக்குத் திரும்பி வர இன்னொரு டக்ட். நமக்கு எதுக்கு இந்தத் திரும்பி வர்ற டக்ட், நாமதான் வீட்டை சூடாக்கப் போறது இல்லையேன்னு அந்தப் பக்கத்தைத் தள்ளிட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு.

கூடப் படிச்ச ஒருத்தன் அந்தப் பக்கம் ஏசி டக்ட் செய்யற பட்டறையில இருக்கான். ஜிஐ தகட்டுல நாலு இன்ச் குழாய், அடுப்புக்கு மேல குடை மாதிரி ஒரு ஹூட், எல்லாம் செஞ்சு குடுத்தான். கூரையில ஓட்டை போட்டா மழை ஒழுகும்னு பயம். அதனால குழாயை மேல கொண்டு போய், ஒரு தொண்ணூறு டிகிரி வளைவு, கிழக்குச் சுவர் வழியா வெளிய, அங்க இன்னொரு தொண்ணூறு டிகிரி வளைவு. பாக்க அவ்வளவு அழகு. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

காலைல டெஸ்ட் பண்ணோம். சுமாரா வேலை செஞ்சுது. நான் மதிய ட்ரெயின் பிடிச்சு வந்துட்டேன். ரெண்டு மணிக்கு அத்தை கிட்ட இருந்து போன். "டேய் தம்பி, நீ வெச்ச குழாயில இருந்து புகை உள்ள வருதுடா."

என் லேப்டாப்ல வேலை செய்யுதுன்னு நாம சொல்வோம் இல்ல? அதேதான். நம்ம கடற்கரைல மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி கடல் காத்து ஆரம்பிக்கும். கிழக்குல இருந்து வரும். என் குழாய் வாய் எந்தப் பக்கம்? கிழக்கு. காலைல கரைக் காத்துல டெஸ்ட் பண்ணிட்டு, கடல் காத்துல புரொடக்‌ஷனுக்கு அனுப்பிட்டேன்.

கொஞ்ச நாள்லயே அடுப்புக்குப் பக்கத்துல இருந்த குழாயில பூச்சு உரிய ஆரம்பிச்சுது. ஜிஐன்னா இரும்புத் தகட்டு மேல துத்தநாகப் பூச்சு. ஏசி காத்துக்கு அது அருமை. ஆனா தொடர்ந்து 200 டிகிரிக்கு மேல சூடானா அந்தப் பூச்சு தாங்காது. ஏசி டக்ட் வேற, புகைக் குழாய் வேற. என் நண்பன் மேல தப்பில்ல. நான்தான் எவ்வளவு சூடு வரும்னு அவன்கிட்ட சொல்லவே இல்ல.

ஒரு ஊதுபத்தி

அத்தை தெருவுலயே தகர வேலை செய்யற பெரியவர் ஒருத்தர் இருக்கார். வீட்டுல தெலுங்கு, வெளிய தமிழ், ரெண்டும் கலந்து பேசுவார். நான் வெச்ச குழாயை ரொம்ப நேரம் பாத்துட்டு ஒரு ஊதுபத்தி கேட்டார். அடுப்பு எரியும்போது கதவைச் சாத்தச் சொல்லி, ஊதுபத்தியைக் கதவிடுக்குல காட்டினார். புகை விர்ருனு உள்ள இழுத்துட்டுப் போச்சு. ஜன்னல் இடுக்குலயும் அதே.

"பாத்தியா தம்பி, அடுப்பு மூச்சுக்குத் தவிக்குது. போறதுக்கு வழி வெச்சே, வர்றதுக்கு வழி எங்க?"

நான் தள்ளிவிட்ட அந்தப் பக்கம். திரும்பி வர்ற டக்ட்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு கிலோ காய்ந்த விறகு முழுசா எரிய ஏறக்குறைய 6 கிலோ காத்து வேணும். அதாவது 5 கன மீட்டருக்கு மேல. நிஜ அடுப்புல அதுக்கு ரெண்டு மடங்காவது இழுக்கும். அத்தை காலைல ஒரு பத்து கிலோ எரிக்கறாங்க. அப்போ 100 கன மீட்டர். அந்தக் கொட்டகைல மொத்தமே 18 கன மீட்டர் காத்துதான் இருக்கு. ரூம்ல இருக்கற மொத்தக் காத்தையும் அடுப்பு அஞ்சாறு தடவை குடிச்சாகணும். கதவைச் சாத்தி வெச்சா எங்க இருந்து வரும்?

புகையை மேல தூக்கறது எது?

இதை ஒரு நிமிஷம் பொறுமையாக் கேளுங்க, ஏன்னா மொத்த டிசைனும் இதுலதான் இருக்கு.

புகைபோக்கி புகையை உறிஞ்சறது இல்ல. குழாய்க்குள்ள இருக்கற காத்து சூடா இருக்கு, அதனால லேசு. வெளிய இருக்கறது குளிர்ந்த காத்து, கனம். அந்தக் கனமான காத்து கீழ இருந்து தள்ளித்தான் லேசான காத்து மேல போகுது. தள்ளற பலம் ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: குழாயோட உயரம், உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கற சூட்டு வித்தியாசம்.

மூணு மீட்டர் உயரக் குழாய், உள்ள 150 டிகிரி, வெளிய நம்ம ஊர் 32 டிகிரின்னு வெச்சுக்கோங்க. கிடைக்கற அழுத்தம் 9.5 பாஸ்கல். அது எவ்வளவுன்னா, ஒரு ஸ்ட்ராவுல தண்ணிய ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு உறிஞ்சற பலம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கற மொத்த பட்ஜெட். இதே குழாய் வெளிய பூஜ்ஜியம் டிகிரி இருக்கற ஊர்ல இருந்தா 13.5 பாஸ்கல் கிடைக்கும். குளிர் நாட்டு அளவைக் கண்ணை மூடிட்டு காப்பி அடிச்சா நமக்கு 30 சதவீதம் பலம் கம்மி.

இந்த ஒரு மில்லிமீட்டர் பட்ஜெட்ல நான் என்ன எல்லாம் செலவு பண்ணி இருந்தேன் பாருங்க. ரெண்டு தொண்ணூறு டிகிரி வளைவு. ஒல்லியான நாலு இன்ச் குழாய். எதிர்க்காத்துல நிக்கற வாய். சாத்தின கதவு. இது போதாதுன்னு அந்த ஹூட். திறந்த அடுப்புக்கு மேல குடை வெச்சா, புகையோட சேர்த்து ரூம் காத்தும் நிறைய உள்ள போகும். அது கலந்ததும் குழாய்க்குள்ள சூடு இறங்கிடும். சூடு இறங்கினா பலமும் இறங்கும். இத்தனைக்கும் மேல காலைல கொஞ்சமாவது வேலை செஞ்சதே பெரிசு.

வெர்ஷன் த்ரீ

மூணாவது தடவை நான் கீபோர்டைத் தொடல. அத்தையும் பெரியவரும் பேசினாங்க, நான் குறிப்பு எடுத்தேன்.

அடுப்பை மூடினோம். செங்கல்லும் களிமண்ணும் வெச்சு, முன்னாடி விறகு வைக்க ஒரு வாய், மேல ரெண்டு குழி. நம்ம பாட்டி காலத்துக் கொடியடுப்புதான், பின்பக்கம் புகைக்குத் தனி வழி. பாத்திரம் குழியில கச்சிதமா உக்காந்துட்டா புகைக்கு வெளிய வர இடமில்ல, குழாய்க்குத்தான் போகணும். அத்தை உடனே ஒரு கேள்வி கேட்டாங்க: "இட்லி குண்டானும் குழம்புச் சட்டியும் ஒரே அளவா?" என் வரைபடத்துல ஒரே அளவுதான். பெரியவர் மூணு சைஸ்ல இரும்பு வளையம் வெட்டிக் குடுத்தார். சின்னப் பாத்திரம்னா வளையத்தைப் போட்டு அது மேல வைக்கணும். நம்ம பாஷைல அடாப்டர்.

குழாய் ஆறு இன்ச். நாலுல இருந்து ஆறுன்னா சின்ன வித்தியாசமாத் தெரியும், ஆனா உள்பரப்பு ரெண்டேகால் மடங்கு. அதுக்காக பத்து இன்ச் வைக்கலாமான்னா, கூடாது. ரொம்ப அகலமானா புகை மெதுவாப் போய் வழியிலயே ஆறிடும். அடுப்புக்கு மேல முதல் மூணு அடி ரெண்டு மில்லிமீட்டர் கனமான இரும்புக் குழாய். அதுக்கு மேல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையில ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப்பும் காட்டினாங்க, விலை கம்மி. நுரையீரலைக் காப்பாத்தற வேலைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம்னு விட்டுட்டோம்.

வளைவே இல்ல. நேரா கூரை வழியா மேல. இங்க ஒரு எச்சரிக்கை: அந்தப் பழைய சிமென்ட் ஷீட்லயும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அதை டிரில் போட்டு அறுத்தா தூசி பறக்கும். அதனால அறுக்கல. மாஸ்க் போட்டுட்டு, ஷீட்டை நனைச்சு, போல்ட்டைக் கழட்டி உடையாம முழுசா இறக்கிட்டு, அந்த இடத்துல ஓட்டை போட்ட தகர ஷீட் மாட்டினோம். பக்கத்துல இருந்த மரச் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவுல ஒன்றரை அடி இடைவெளி. ஒற்றைத் தகட்டுக் குழாய்னா எரியற பொருள் எதுவுமே அந்த ஒன்றரை அடிக்குள்ள இருக்கக் கூடாது. ஓலைக் கூரைன்னா இந்த வேலையைத் தொடவே தொடாதீங்க.

குழாய் முனை எவ்வளவு உயரம்? பத்தடி சுற்றளவுல இருக்கற எதை விடவும் ரெண்டடி உயரமா இருக்கணும். இல்லைன்னா காத்து பக்கத்துச் சுவர்ல மோதி சுழன்று குழாய்க்குள்ளயே இறங்கும். முனையில மழைக்கு ஒரு தொப்பி, புகை நாலா பக்கமும் போற மாதிரி. இப்போ எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் கவலை இல்ல.

கடைசியா, வர்ற வழி. அடுப்பு வாய்க்கு எதிர்ச் சுவர்ல, தரைக்குப் பக்கத்துல, ரெண்டு செங்கல் எடுத்துட்டு கொசு வலைக் கம்பி அடிச்சோம். கதவு சாத்தினாலும் அடுப்புக்கு மூச்சு இருக்கு. மொத்த ப்ராஜெக்ட்ல செலவே இல்லாத வேலை இதுதான். அதிகமா வித்தியாசம் காட்டினதும் இதுதான்.

விறகுலயும் ஒரு மாற்றம். ஈர விறகு எரிஞ்சா புகையில இருக்கற பிசின் குழாய்ல தார் மாதிரி படியும், அப்புறம் ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அதனால சவுக்கை முன்கூட்டியே வாங்கி அடுக்கிக் காய வைக்கறாங்க. பேக்கிங் கட்டையில முத்திரை பாக்கணும். வெளிநாட்டுல இருந்து வர்ற கட்டையில ஹெச்.டி.ன்னு இருந்தா சூடு பண்ணி பூச்சியக் கொன்னது. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கற விஷ வாயு அடிச்சது, அது அடுப்புக்கு வேண்டாம். பெயின்ட் அடிச்சது, ப்ளைவுட், ரெண்டும் கூடவே கூடாது.

குழாயை யார் சுத்தம் பண்ணுவா?

இங்க முடிச்சிருந்தா இது ஒரு சந்தோஷமான எபிசோடு. ஆனா நான் கொஞ்சம் சரித்திரம் படிச்சேன், பயம் வந்துடுச்சு.

புகையில்லா அடுப்பு நம்ம நாட்டுக்குப் புது ஐடியா இல்ல. ஹைதராபாத் இன்ஜினியரிங் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லா சமையலறைன்னு ஒரு புத்தகமே எழுதினார். 1953ல, நம்ம மெட்ராஸ்லதான் அச்சாச்சு. அதுக்கு முப்பது வருஷம் கழிச்சு, 1983-84 வாக்குல, மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புக்குன்னு தேசியத் திட்டம் கொண்டு வந்துது. 3 கோடிக்கு மேல அடுப்பு வெச்சாங்க. 2002ல திட்டத்தை நிறுத்திட்டாங்க.

அந்த மாதிரி அடுப்பு எல்லாம் என்ன ஆகுது? ஒடிசாவுல ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூணு பேரும் ஆராய்ச்சி பண்ணாங்க. டுஃப்லோன்னா 2019ல பொருளாதார நோபல் வாங்கினவங்க. 44 கிராமம், ஏறக்குறைய 2,600 குடும்பம். புகைபோக்கி வெச்ச அடுப்பு கட்டிக் குடுத்து, நாலு வருஷம் பாத்தாங்க. முதல் வருஷம் சமைக்கறவங்க சுவாசிக்கற புகை குறைஞ்சுது. அதுக்கப்புறம் வித்தியாசமே காணோம். நுரையீரலும் தேறல, விறகும் மிச்சம் ஆகல. அடுப்பு உடைஞ்சா பூசல, புகைபோக்கிய சுத்தம் பண்ணல, கொஞ்சம் கொஞ்சமா பழைய அடுப்புக்கே போயிட்டாங்க.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. நான் எழுதின எத்தனை சிஸ்டத்தை, நான் டீம் மாறினப்புறம் யார் பாத்துக்கிட்டாங்க? ரிலீஸ் அன்னிக்குக் கேக் வெட்டுவோம். மெயின்டனன்ஸுக்கு யாரும் கேக் வெட்ட மாட்டோம்.

பெரியவர் இதை எந்த ஆராய்ச்சியும் படிக்காம யோசிச்சு வெச்சிருந்தார். குழாய் அடியில ஒரு மூடி வெச்சிருக்கார். அதைத் திறந்தா விழுந்த கரி எல்லாம் கையால வாரிடலாம். மேல தொப்பி திருகினாக் கழண்டு வந்துடும். கயித்துல தேங்காய் நார் உருண்டையும் ஒரு கல்லும் கட்டி மேல இருந்து விட்டு இழுத்தா குழாய் சுத்தம். ஆனா மேல ஏறணுமே? அதுக்கு அத்தை ஒரு ஏற்பாடு பண்ணாங்க. சாப்பிட வர்ற ஒடிசாப் பையன் ஒருத்தன் ஏறி இறங்கறான், அன்னிக்கு அவனுக்கு சாப்பாட்டுக் கணக்கு கிடையாது.

எப்ப எப்ப சுத்தம் பண்றதுன்னு நான் அத்தை போன்ல மாசாமாசம் ரிமைண்டர் போட்டுக் குடுத்தேன். அவங்க அதைப் பாக்கவே இல்ல. "அமாவாசைக்கு அமாவாசை வீட்டைக் கழுவி விடுவேன் இல்ல, அதோட இதையும் பாத்துடறேன்." பதினொரு அமாவாசை ஆச்சு, ஒரு தடவை கூடத் தவறல. நான் எழுதின எந்த கிரான் ஜாப்பும் அவ்வளவு ஒழுங்கா ஓடினது இல்ல.

இப்போ எப்படி இருக்கு

உண்மைய சொல்லிடறேன். மீட்டர் இப்போ 999ல போய் முட்டறது இல்ல. பத்த வைக்கற முதல் பத்து நிமிஷம், குழாய் சூடாகற வரைக்கும், நல்லாவே எகிறும். அப்புறம் இறங்கும். ஆனா சமைக்கும்போது 60க்குக் கீழ வந்து நான் ஒரு தடவையும் பாக்கல. இன்னொன்னு, புகைபோக்கி புகையை அழிக்கறது இல்ல, இடம் மாத்துது. முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா வந்து, மாடியில துணி காயப் போட முடியலன்னு சொன்னாங்க. நியாயம்தான். குழாயை இன்னும் ரெண்டடி உயர்த்தினோம்.

புகை எரிபொருளை விட்டா எவ்வளவு குறையும்னும் பாத்தேன். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவுல டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு சமையலறைப் புகைய இருபது வருஷத்துக்கு மேல அளந்துட்டு இருக்காங்க. தமிழ்நாடு உட்பட நாலு நாட்டுல, 3,200 கர்ப்பிணிப் பெண்களை வெச்சு நடந்த பெரிய ஆய்வுல அவங்களும் உண்டு. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். 2022ல முடிவு வந்துது. கேஸ் கிடைச்சவங்க சுவாசிச்ச நுண்துகள் 24 கிட்ட, மத்தவங்களுக்கு 71 கிட்ட. குழந்தைங்களோட பிறப்பு எடையில வித்தியாசம் தெரியல, ஆனா புகை மூணுல ஒரு பங்கா ஆயிடுச்சு. என் புகைபோக்கியால அந்த 24அ எட்ட முடியாது. அதை நான் ஒத்துக்கணும்.

அதனால அத்தையும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கோம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கமர்ஷியல் சிலிண்டர். அதோட செலவுல பாதி என்னோடது. கல்யாணம் ஆனாலும்னு எழுதியே வாங்கிட்டாங்க, அந்த நோட்டுலயே. காலை இட்லி விறகுலதான்.

இருமல் முழுசா நிக்கல. போன மாசம் திரும்ப ஊதிப் பாத்தாங்க. ஏறல. இறங்கவும் இல்ல. டாக்டர் "நல்லது"ன்னு சொன்னார். கண்ணு எரியறது இல்லைன்னு அத்தை சொல்றாங்க. காலைல மூஞ்சி கழுவினா தண்ணி கருப்பா வர்றது இல்லையாம். அது எனக்குத் தெரியவே தெரியாது. முப்பது வருஷமா கருப்பாத்தான் வந்திருக்கு, யாரும் கேக்கல.

உங்க ஊர்லயும் யாராவது விறகுல சமைச்சா, அடுத்த தடவை போகும்போது ஒரு ஊதுபத்தி எடுத்துட்டுப் போங்க. அடுப்பு எரியும்போது கதவைச் சாத்திட்டு இடுக்குல காட்டுங்க. புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்ததும் மறக்காம கதவைத் திறந்துடுங்க. குழாய் வாங்கறது, அளவு போடறது எல்லாம் அதுக்கு அப்புறம். அப்படியே, குழாயை யார் சுத்தம் பண்ணுவாங்கன்னும் வீட்டுல கேட்டுடுங்க. பாத்துட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, வர்ற எபிசோடுல போடறேன். அடுத்த வாரம் பாக்கலாம். வணக்கம்.